வடித்த தண்ணீர்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு மார்க்கெட்டுக்குப் போகவே பயமாக இருக்கும். ஊரே பையைத் தூக்கிக்கொண்டு மாங்காய்க்கும் பலாவுக்கும் ஓடுகிற நேரத்தில், நான் ஒருவன் மட்டும் புடலங்காய் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருப்பேன். கடலூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போனால் தவளக்குப்பம் வரைக்கும் இரண்டு பக்கமும் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பண்ருட்டிப் பலா. வெட்டி வைத்த பலாவின் வாசனை ஹெல்மெட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். அது சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடுமோ என்றுகூட நான் பயந்திருக்கிறேன். ஏனென்றால் வீட்டில் அதைத் தொடக்கூடாத ஒருத்தி இருந்தாள், என் மனைவி.

அவளுக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டு அப்போது இரண்டாவது வருஷம். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். கிட்னி கெட்டால் உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பொட்டாசியம் என்ற பேரை டாக்டர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

"காய், பழம், கீரை, பருப்பு, இளநீ எல்லாத்துலயும் இருக்கிற சத்துதான் அது. நமக்கு மிச்சமானது மூத்திரத்துல போய்டும். இவங்களுக்குப் போவாது, ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு அளவு தாண்டிச்சுன்னா ஹார்ட் நின்னுடும். வலிக்காது, முன்னாடி சொல்லவும் சொல்லாது" என்றார்.

நான் லாஸ்பேட்டையில் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் நடுரோட்டில் ஜாம் ஆகி நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தவன். டாக்டர் சொன்னது எனக்கு மிக நன்றாகவே புரிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கை வரவில்லை.

அதுவரை எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நான் தண்ணீர் குடிக்கத்தான் போயிருக்கிறேன். சமையல் அவளுடைய ராஜ்யம். அவள் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். நான் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, காரக்குழம்பும் அப்பளமும் தின்று வளர்ந்தவன். மீனில் முள் எடுத்துத் தின்னக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கல்யாணமான நாளிலிருந்தே எங்களுக்குள் வா, போ என்கிற பேச்சுதான். சித்திரை வைகாசியில் அவள் கை ஓடுகிற வேகமே வேறு. மீன்பிடித் தடைக்காலம் வந்து படகெல்லாம் கரையேறிவிடும், பச்சை மீனுக்குப் பஞ்சமாகிவிடும். அவளுக்கு அது குறையே இல்லை. பானையிலிருந்து கருவாட்டை எடுத்து, பலாக்கொட்டையும் மாங்காயும் போட்டு ஒரு குழம்பு வைப்பாள். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஒரு நாள். பச்சை முந்திரிக்கொட்டை கிடைத்துவிட்டால், பால் பட்டுக் கை பொத்துப்போகும் என்று தெரிந்தும் உட்கார்ந்து உடைத்து, தேங்காய் அரைத்து ஊற்றிக் கூட்டு வைப்பாள். ஒரு வாரத்துக்கு விரல் தோல் உரிந்துகொண்டே இருக்கும். திட்டினால், "தின்னும்போது வாயத் தொறக்கல, இப்ப மட்டும் தொறக்குற" என்பாள்.

இப்போது அத்தனையும் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. கருவாடு உப்பு. பலாக்கொட்டை, முந்திரி, நுங்கு, இளநீர் எல்லாம் அடியோடு கூடாது. மாங்காய் வேண்டுமானால் ஆசைக்கு ஒரு கீற்று. புடலங்காய் மாதிரி நீர்க்காய் பரவாயில்லை, முருங்கைக்காய், கத்தரிக்காய் போன்றவற்றைச் சத்தை இறக்கிவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றாள் ஆஸ்பத்திரியில் டயட் சொல்லிக்கொடுக்கிற பெண். எப்படி இறக்குவது என்று பொறுமையாகச் சொன்னாள். காயைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் நிறைய விட்டு வேகவைக்க வேண்டும். அதையும் ஒட்ட வடித்துவிட்டு, வெந்த காயை மட்டும் எடுத்துத் தாளிக்க வேண்டும். பருப்புக்கும் அதே கதிதான். கேட்டவுடனே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பழைய ஆயிலை வடிக்கிற வேலைதானே, அதைத்தானே நான் தினமும் செய்கிறேன் என்று நினைத்தேன்.

இப்படித்தான் நான் சமையல்காரனானேன். விடிந்ததும் எழுந்து காயை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, கடுகும் சீரகமும் தாளித்து மூடி வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவேன். உப்புக்குப் பதில் கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை. பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற எதிர்வீட்டுக்காரர், சாலட்டுக்கு ஊற்றுகிற வினிகரில் அரை ஸ்பூன் விட்டுப் பாருங்கள் என்று சொன்னதால் அதையும் செய்து பார்த்தேன். என் மனைவி அதை ஒரு வாய் வைத்துவிட்டு, "வெள்ளக்காரன் காரித் துப்புன மாதிரி இருக்குது" என்றாள். மறுநாளிலிருந்து வினிகர் வண்டியின் துருவைத் துடைக்கப் போய்விட்டது.

வடித்த தண்ணீர் விஷயத்தில் எனக்கும் மாடியிலிருந்த வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே ஒரு சண்டை ஆகியிருந்தது. கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் கொட்டியதில் கீழே போகிற பிளாஸ்டிக் பைப் வாய் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு, வடிக்கிற தண்ணீரையெல்லாம் ஓர் அலுமினியக் குண்டானில் பிடித்து, பின்பக்கத்துத் திட்டில் ஆற வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். நாங்கள் குடியிருந்த உப்பளம் ஏரியாவிலேயே எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைதான் அப்போது தளதளவென்று இருந்தது.

அவள் சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. தட்டைப் பார்ப்பாள், சோற்றை ஓரமாக ஒதுக்குவாள், இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையை உதறுவாள். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் முழுக்க பயம்தான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் பதில் பேசமாட்டாள். ஆள் காற்றுப்போன டியூப் மாதிரி சுருங்கிக்கொண்டே வந்தாள். நானும் வீட்டில் அதே சக்கையைத்தான் தின்றேன், பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் டூல்ஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் தடைக்காலம் தொடங்கியதும் அவளுடைய அக்கா வர ஆரம்பித்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குப்பத்திலிருந்து மீன் கூடையோடு ஊருக்குள் வந்து தெருத்தெருவாக விற்கிறவர். மற்ற மாதங்களில் நின்று பேச நேரம் இருக்காது. படகு போகாததால் கூடைக்கும் வேலையில்லை. நான் கிளம்புகிற நேரத்துக்குக் கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, நான் திரும்புகிற வரை தங்கச்சிக்குத் துணையாக இருப்பார். கடவுளே ஆள் அனுப்பிய மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் நாளே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "உப்பு கூடாதுக்கா. கருவாடு கூடாது. மாங்கா, பலா, நுங்கு எதையும் கண்ணுல காட்டாத. நான் வேக வச்சு வச்சிருக்கிறத மட்டும் போடு. தண்ணி இந்தப் பாட்டில்ல இருக்கிறதுதான், ஒரு நாளைக்கி அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதா தம்பி? ஒத்தத் தங்கச்சி. என் கைய மீறி ஒண்ணும் போவாது" என்றார்.

சொன்னபடியே இருந்தார். தன்னுடைய சோற்று டப்பாவைப் பின்பக்கம் செடி ஓரமாகக் கொண்டுபோய், தங்கச்சிக்கு வாசனை தெரியாமல் தின்பார். பக்கத்து வீட்டு மாமரத்துக் கிளை எங்கள் சுவரைத் தாண்டி வந்து காய்த்துத் தொங்கியது. ஆசையாக இருந்தால் ஒன்றைப் பறித்து வாசலுக்குப் போய்க் கடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். சாயங்காலம் நான் வரும்போது வீடு பெருக்கியிருக்கும். குண்டான்கூடக் கழுவிக் கவிழ்த்திருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையையும் இவரே பார்த்துவிடுகிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி தெரிந்தது. அக்காவோடு பழங்கதை பேசிச் சிரிக்கிற சத்தம் தெருவிலேயே கேட்கும். தட்டில் சோறு பழையபடி மிச்சம்தான், ஆனால் அதற்காக முகம் சுளிப்பது நின்றிருந்தது. என் கை பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாத ரத்த டெஸ்ட் வந்தது. டயாலிசிஸ் அறை சிஸ்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னா சார் குடுத்தீங்க? பொட்டாசியம் இப்டி ஏறியிருக்கு."

"ஒண்ணும் குடுக்கலியே சிஸ்டர். எல்லாத்தையும் வடிச்சுதான் குடுக்குறேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. மாங்கா சீசன் வந்தா இங்க எங்க எல்லாருக்கும் பயம் சார். வீட்ல பாத்துக்குங்க, வெளையாட்டு இல்ல."

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. விடியற்காலையில் எழுந்து நான் படுகிற பாடு இவருக்குத் தெரியுமா? வெளியே வந்து, மிஷினோடு படுத்திருந்தவளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாங்காய் என்ற சொல் மட்டும் காதில் நின்றது. சுவர் மேல் தொங்குகிற கிளை கண்ணுக்கு முன்னால் வந்தது.

அன்று முதல் எங்கள் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. வந்ததும் குப்பைத்தொட்டியைக் கிளறுவேன். தலையணைக்கு அடியில் பார்ப்பேன். கிளையில் எட்டுகிற உயரத்தில் காய் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குப்பையில் ஒரு நாள் மாங்கொட்டை கிடந்தது. அக்கா தின்றதுதான் என்று அக்காவே சொன்னார், ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு காலையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது குனிந்து அவள் விரலை மோந்து பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னா மோந்து பாக்குற? பொணமா, உயிரான்னா?"

"மாங்கா தின்னியா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "திருடி மாதிரி பாக்குறியே. உன் தல மேல சத்தியம். நீ போடுறதத் தவிர ஒரு காய நான் வாயில வச்சிருந்தா, இன்னிக்கே என்னைக் கொண்டு போயி எரிச்சுடு."

என் தலையில் கை வைத்தே சொன்னாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் பொய்ச் சத்தியம் செய்து நான் பார்த்ததில்லை. நம்பினேன். நம்பியதால் பயம் இரண்டு மடங்கானது. அவள் தின்னவில்லை என்றால் பின்னே எங்கிருந்து ஏறுகிறது? என் சமையலில்தான் தப்பு என்று இன்னும் பொடியாக நறுக்கினேன், இன்னும் நிறைய தண்ணீர் விட்டேன், இன்னும் அதிக நேரம் வேகவைத்தேன். முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்து, கத்தரிக்காய் கூழாகிவிட்டது. குண்டானில் தண்ணீர் மட்டும் நல்ல நிறத்தோடு நிறைந்திருந்தது.

டாக்டர் ஒரு பவுடர் எழுதிக் கொடுத்து, சீக்கிரமே இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அதில் முன்னைவிட ஏறியிருந்தது. இந்தத் தடவை சிஸ்டர் என்னைத் திட்டவில்லை, பரிதாபமாகப் பார்த்தார். "கால் மரத்துப்போவுது, கை கால்ல வலுவில்ல, நெஞ்சு ஒரு மாதிரி அடிக்கிதுன்னு சொன்னாங்கன்னா எந்த நாளுன்னு பாக்காதீங்க, நேரா தூக்கிட்டு வந்துடுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் போன் அடித்தாலே கையிலிருக்கிற ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அந்த போன் வந்தது.

"தம்பி, எழுந்து நிக்கறேன்னு சொல்லி அப்டியே ஒக்காந்துட்டா. காலு என்னுது மாதிரியே இல்லங்கறா. வா தம்பி."

கையைக்கூடத் துடைக்கவில்லை. லாஸ்பேட்டையிலிருந்து உப்பளத்துக்கு எந்த சிக்னலில் நின்றேன், எதில் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ஏன் நிற்கும், நிற்காது, நிற்கக்கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். வண்டியைப் பற்றி அல்ல, அவள் நெஞ்சைப் பற்றி.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது வாசனைதான். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொத்தமல்லி கிள்ளிய வாசனை. அந்த வாசனை என் சமையலில் இருக்காது. கட்டிலில் அவள் சுவரில் சாய்ந்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளரை அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மடக்கு குடிச்சிடுடி, தெம்பு வரும். ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்கணுமில்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அதுல என்னாக்கா?"

"ரசந்தான் தம்பி. உப்பு போடல, புளி போடல."

"ரசம் எதுல வச்ச?"

அக்கா சாதாரணமாகப் பின்பக்கம் கையைக் காட்டினார். திட்டில் என் அலுமினியக் குண்டான். காலையில் நான் முருங்கைக்காயும் பருப்பும் வடித்து நிறைத்துவிட்டுப் போனது. இப்போது பாதி இருந்தது. "நீ வடிச்சு வச்சிட்டுப் போற தண்ணியிலதான். அவ்ளோ சத்து, வீணா செடிக்கு ஊத்துவாங்களா? தெனம் பாதிய சுண்டக் காய்ச்சி, மெளகு தட்டிப் போட்டு அர டம்ளர் குடுக்குறேன். உன் தண்ணிக் கணக்கையும் மீறல, பாட்டில்ல அந்த அளவு கொறச்சிட்டுதான் குடுக்குறேன்."

டம்ளரைத் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு உருண்டது. அக்கா பயந்து எழுந்தார். எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவற்றில் பாதியைத்தான் சொன்னேன், மீதியைச் சொல்ல நேரம் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். என் கைகளில் அவள் கனமே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

ஆட்டோவில் அவள் நடுவில், நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினேன். கிடைக்கும், நழுவும், மறுபடி கிடைக்கும். வழியெல்லாம் நுங்கு வண்டியும் மாங்காய்க் கூடையும்தான் கண்ணில் பட்டன. அத்தனையையும் ஆட்டோவை விட்டு ஏற்றி நசுக்க வேண்டும் போல இருந்தது. அக்கா தங்கச்சியின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். காகிதத்தில் வந்த கோட்டைப் பார்த்த சின்ன டாக்டர் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார். ஏதோ ஊசி போட்டார்கள், மெதுவாக ஏற்றினார்கள், இன்னொன்று போட்டார்கள். பிறகு மிஷினுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "சரியான நேரத்துல வந்தீங்க. இப்ப எதுவும் சொல்ல முடியாது, வெளிய உக்காருங்க" என்றார்கள். கதவு மூடியது.

பெஞ்சில் அக்கா என்னிடமிருந்து தள்ளி, ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவரே மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்கு என்னாச்சு தம்பி? காயத்தான் குடுக்கக் கூடாதுன்ன. நான் ஒரு துண்டு காய் குடுக்கலியே. வெறும் தண்ணிதானே."

"அந்தத் தண்ணிதாங்கா வெஷம். காயில இருக்கிறது அத்தனையும் தண்ணியில எறங்கிடும். எறக்கி வெளிய கொட்டணும்னுதான் நான் தெனம் வடிக்கிறேன். நான் எதை வெளிய எடுத்தனோ, அதையே நீ உள்ள அனுப்பிட்ட."

அக்கா என்னையே பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் வாய் கோணியது. "சத்துன்னுதானே தம்பி குடுத்தேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எங்கள் வீட்டிலும் கீரை வேகவைத்த தண்ணீரை என் அம்மா கொட்டமாட்டாள், ரசத்தில்தான் ஊற்றுவாள். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் கொட்டுவார்கள்? உப்பைச் சொன்னேன், மாங்காயைச் சொன்னேன், நுங்கைச் சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் வந்து கதவைத் திறந்து, தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போனோம். அவள் கண் விழித்திருந்தாள். அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே உன்னக் கொன்னுருப்பேனேடி" என்று அழுதார்.

"ஏ, சும்மா இரு. நாளைக்கும் வையின்னு கேட்டது யாரு? நான்தானே" என்றாள் அவள்.

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அக்காவைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிலில் சாய்த்து, காற்றாடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் அது என்னைக் குடைந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னா?"

"அது வடிச்ச தண்ணின்னு."

அவள் சுவரைப் பார்த்தாள். "மொத மடக்குலயே தெரிஞ்சிடுச்சு. முருங்கக்கா தண்ணி எனக்குத் தெரியாதா?"

"நான் எதுக்கு வடிக்கிறேன்னும் தெரியுமா?"

"தெரியும். அந்த டயட் பொண்ணு சொல்லும்போது நானும் பக்கத்துலதானே இருந்தேன். அக்காவுக்குத்தான் தெரியாது, அவளத் திட்டாத."

எனக்கு ஆத்திரத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. என் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு காயைத் தொடவில்லை என்றாள், உண்மைதான், தொடவில்லை. "செத்துப்போவன்னு தெரிஞ்சே குடிச்சியா? என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சியா?" என்று கத்தினேன். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் கத்தவில்லை. "நீ காத்தால எழுந்து கஷ்டப்பட்டு செய்யிற, நான் இல்லேங்கல. ஆனா உன் தட்டுல முருங்கக்கா மாதிரி ஒண்ணு இருக்குது, முருங்கக்கா இல்ல. கத்திரிக்கா மாதிரி ஒண்ணு இருக்குது, கத்திரிக்கா இல்ல. அந்த அர டம்ளர்ல இருந்துச்சுய்யா. ரெண்டு வருசங்கழிச்சு நான் ஒண்ணைத் தின்ன மாதிரி இருந்துச்சு" என்றாள். பிறகு, "நாளைக்கி நிறுத்திடலாம், நாளைக்கி நிறுத்திடலாம்னுதான் நெனச்சேன்" என்றாள்.

டூல்ஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஊறுகாய் பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

இரண்டு நாள் அடுப்பில் காயே வைக்கவில்லை. சோறும், தெருமுனை பேக்கரி ரொட்டியும்தான். மூன்றாம் நாள் காலையில், வருவாரோ மாட்டாரோ என்று நான் நினைத்திருந்த அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் தயங்கி நின்றார். "உள்ள வாக்கா" என்றேன். பை நிறைய பிஞ்சுப் புடலங்காயும், மேலே ஒரு முருங்கைக்காயும் இருந்தன. "ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. நீயே உன் மாதிரி வேக வையி" என்றார்.

முருங்கைக்காயைக் கீறி, வெந்நீரில் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் வேகவைத்தேன். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்றார். குண்டானில் வடித்தேன். ஆவி அவள் பக்கம் போனது. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்ததைப் பார்த்தேன்.

இத்தனை நாள் வடித்திருக்கிறேன், அதில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தேன். முழு முருங்கைக்காயும் அதில்தான் இருந்தது. மிளகுகூட வேண்டாம், அப்படியே குடிக்கலாம். சல்லடையில் கிடந்த வெந்த துண்டுகளைப் பார்த்தேன். நான் இவளுக்கு இத்தனை நாள் போட்டது இதைத்தான்.

"எப்டி இருக்குது?" என்றாள்.

"சப்புன்னு இருக்குது."

"பொய்யி" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. பிறகு கையை நீட்டி, "இங்க குடு" என்றாள்.

அக்கா, "ஏய், வேணாண்டி" என்று அவள் தோளைப் பிடித்தார். நான் குண்டானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. அவள் கையை மடக்கவே இல்லை. நான் கொடுத்தேன்.

பச்சைத் தண்ணீர் கேட்டாள். அக்கா ஒரு சொம்பு கொண்டுவந்தார். அதைக் குண்டானில் ஊற்றிச் சூட்டை ஆற்றினாள். எழுந்து, ஒவ்வொரு அடியாகப் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன், கை மட்டும் அவள் முதுகுக்குப் பக்கத்தில் இருந்தது. கறிவேப்பிலைச் செடியடியில் குனிந்து, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து ஊற்றினாள். காலிக் குண்டானை நிமிர்த்தி உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, அக்காவிடம் கழுவக் கொடுத்தாள்.